பயன் முடிந்த பூச்சாடி: கழிப்பதா, காப்பதா, வேறு வேலைக்கு வைப்பதா?

பாரிஸுக்கு அருகே உள்ள சென் தெனி மடத்துக்கு 1122 முதல் 1151 வரை தலைவராக இருந்தவர் சூஜேர். மடத்துப் பெட்டி ஒன்றில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த பழங்கால ஜாடி ஒன்று அவர் கவனத்துக்கு வந்தது. செந்நிறப் போர்ஃபிரிக் கல்லைக் குடைந்து செய்த ஜாடி அது. பொன்முலாம் பூசிய வெள்ளியில் கழுகின் தலையும் சிறகும் காலும் செய்வித்து அதில் பொருத்தினார் சூஜேர். ஜாடி, பூசைப் பாத்திரம் ஆயிற்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம்.

சூஜேர் அந்த ஜாடியைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா? அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் அது பெட்டிக்குள்ளேயே தொலைந்து போயிருக்கலாம். கை வைத்ததால் அதன் பழைய தோற்றம் மறைந்தது. வந்த வேலை முடிந்த ஒரு ஜாடியை என்ன செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்தே, ஏன் அதற்கும் முன்னிருந்தே, ஒற்றை விடைக்கு அடங்காமல் நிற்கிறது.

தமிழ் வீடுகளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. கல்யாணத்தில் பரிசாக வந்து ஷோகேஸ் உச்சியில் பிளாஸ்டிக் ரோஜாவோடு தூசி படிந்திருக்கும் பூச்சாடி, பரணில் ஏறிவிட்ட ஊறுகாய் ஜாடி, சமையலறையை விட்டு வெளியேறிய பித்தளைத் தவலை, விளிம்பு உடைந்த கண்ணாடிக் குவளை என வீட்டுக்கு நாலாவது இருக்கும். எடைக்குப் போடலாம் என்பார் ஒருவர். பாட்டி காலத்துப் பொருள், தொடாதே என்பார் மற்றவர். விளக்காக மாற்றலாமே என்பார் மூன்றாமவர். மூவரும் தங்களை அறியாமலே நீண்ட மரபுகளின் சார்பில்தான் பேசுகிறார்கள்.

ஒரு வகைப்பாடு

இந்த மரபுகளைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி தொல்லியலில் இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் ஷிஃபர், மண்ணுக்குள் போகும் முன் ஒரு பொருளுக்கு என்னென்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்தவர். மறுபயனை அவர் நான்காகப் பிரித்தார். அதே வேலைக்கு ஆள் மட்டும் மாறுவது கைமாற்றம். உருக்கியோ உடைத்தோ வேறொன்றுக்கு மூலப்பொருளாக்குவது உருமாற்றம். வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேலை மட்டும் மாறுவது பயன்மாற்றம். புழக்கத்திலிருந்து விலக்கி, பார்ப்பதற்காக வைத்திருப்பது காப்பு.

கைமாற்றத்தில் அதிக விவாதமில்லை. அக்காள் வீட்டுப் பூச்சாடி தங்கை வீட்டுக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை. சச்சரவெல்லாம் மற்ற மூன்றைச் சுற்றித்தான். இந்த நான்குக்கும் மூத்த விடை ஒன்றும் உண்டு: தூக்கிப் போட்டுவிடுவது.

கழிப்பதே முறை

போகியன்று பழையதைக் கழிப்பதும் பொங்கலன்று புதுப்பானை வைப்பதும் வெறும் கொண்டாட்டமாக மட்டும் இருந்ததில்லை. மண்பாண்டம் நுண்துளை உள்ளது; எண்ணெயையும் புளிப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் சுத்தமாகிவிடும், மண்சட்டிக்கு அது போதாது என்ற சடங்கு வழக்கம் இந்த அனுபவத்தை ஒட்டியே நிற்பதாகத் தோன்றுகிறது. விரிசல் கண்ட பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் இதே பக்கம் சேர்வது. ஆண்டுதோறும் புதுப்பானை வாங்குவதால் ஊர்க் குயவருக்கு வேலை கிடைத்தது என்பதையும் மறந்துவிட முடியாது.

உலகில் இந்த நிலைப்பாட்டுக்கு ஆகப் பெரிய சாட்சி ரோம் நகரில் ஒரு குன்றாகவே நிற்கிறது. மான்டே டெஸ்டாச்சியோ என்ற அந்தக் குன்று ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். முழுக்க முழுக்க உடைந்த ஜாடி ஓடுகள். பெரும்பாலும் ஸ்பெயினின் பேட்டிகா பகுதியிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்த அம்ஃபோரா ஜாடிகள்; 5 கோடிக்கு மேற்பட்ட ஜாடிகள் அங்கே இருக்கலாம் என்பது மதிப்பீடு. எண்ணெய் ஊறிச் சிக்கடித்த ஜாடியில் வேறெதையும் வைக்க முடியவில்லை. அதனால் அடுக்கடுக்காக உடைத்துப் போட்டு, நாற்றத்தை அடக்கச் சுண்ணாம்பு தூவினார்கள்.

ஆனால் அதே ரோமானியர்கள் மற்ற அம்ஃபோராக்களை விடவில்லை. அடியையும் கழுத்தையும் அறுத்துவிட்டு வடிகால் குழாயாக இணைத்தார்கள். குழந்தைகளைப் புதைக்கப் பயன்படுத்தினார்கள். வளைகூரையின் எடையைக் குறைக்க முழு ஜாடிகளைக் காரைக்குள் பதித்தார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவின் கல்லறை மண்டபத்தில் அப்படிப் பதித்த ஜாடிகள் வெளியே தெரிந்ததால், அந்த வட்டாரத்துக்கே பானைக் கோபுரம் என்ற பொருளில் பெயர் நிலைத்தது.

தமிழ்நாட்டிலும் கழிப்பது என்பது முற்றுப்புள்ளியாக இருந்ததில்லை. உடைந்த பானையின் அடிப்பாகம் வறுக்கும் ஓடாகும். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கலமாகும். மிச்சமிருக்கும் ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கினால் பிள்ளைகளுக்குப் பாண்டி ஆடச் சில்லு. அத்தகைய சில்லுகள் கீழடி அகழாய்விலும் கிடைத்திருக்கின்றன.

கழிப்பது இயல்பு என்ற வாதத்தின் பலவீனம் இன்றைய பொருளில் இருக்கிறது. பக்கத்து ஏரி மண்ணில் பிடித்துக் குறைந்த வெப்பத்தில் சுட்ட பானைக்குப் பொருந்திய பழக்கம் அது. அதிக வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய பீங்கான் பூச்சாடி மட்குவதில்லை. சுட்ட களிமண் மறுபடி குழைகின்ற களிமண் ஆவதுமில்லை. கண்ணாடிப் புட்டிகளோடு அதைச் சேர்த்துப் போட்டாலும் ஆலைக்குத் தொல்லைதான். கண்ணாடி உருகும் உலையில் பீங்கான் உருகாமல் கல்லாக நின்று புதுப் புட்டியைப் பழுதாக்கும்.

உருக்குவதும் உடைப்பதும்

உருமாற்றத்தை ஆதரிப்போர் முதலில் காட்டுவது உலோகத்தை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது; எத்தனை முறை உருக்கினாலும் பயன்படும். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட இதில் ஆற்றல் பெரிதும் மிச்சம். தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறையே பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்தது. துலக்கும் பாடு குறைந்தது, ஈயம் பூச ஆள் தேட வேண்டியதில்லை என்பது பெண்களுக்கு உண்மையான விடுதலையாகவே இருந்தது. இன்றைய பழம்பொருள் ஏக்கம் இதைப் பல நேரம் மறந்துவிடுகிறது.

பீங்கானுக்கும் மண்ணுக்கும் உருமாற்றம் என்றால் உடைப்பது. செங்கல்லையும் ஓட்டையும் பொடித்துச் சுண்ணாம்போடு கலக்கும் சுர்க்கி, நம் பழைய கட்டடங்களில் நீர் கசியாமல் காத்தது. ரோமானியர்களும் பானை ஓட்டைப் பொடித்து இதே வேலையைச் செய்தார்கள். பாங்காக்கின் அருண் கோயில் கோபுரத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் பூப்பூவாகப் பதிந்திருக்கின்றன. பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் 1900-க்கும் 1914-க்கும் இடையே கட்டடக் கலைஞர் கௌதியும் அவரது குழுவினரும் உடைந்த ஓடுகளையும் பாத்திரங்களையும் கொண்டே வளைந்த இருக்கைகளை மூடினார்கள். இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டியது சண்டிகரின் பாறைப் பூங்கா. அரசு ஊழியரான நேக் சந்த், 1950-களின் இறுதியில் யாருக்கும் தெரியாமல் தொடங்கி, உடைந்த பீங்கான், வளையல், குளியலறைச் சாமான் ஆகியவற்றால் உருவங்கள் செய்து அடுக்கினார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

வீட்டளவில் இது எளிது. உடைந்த பூச்சாடியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, துண்டுகளைத் துளசி மாடத்திலோ மாடிப்படி ஓரத்திலோ சிமென்டில் பதிக்கலாம். ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

பொருள் மிஞ்சும், அதில் பதிந்த கைவேலை மிஞ்சாது என்பதே உருமாற்றத்தின் மீதான குறை. சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். எடைக்கடைத் தராசுக்கு அது தெரியாது. ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்கு வேறு ஆவணமே இல்லாத வீடுகளில் அந்த நாலு எழுத்துகள்தான் ஆவணம்.

வேலையை மாற்றுவது

இன்று வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் மூன்றாவது வழியை. இது புதியதன்று. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஒரு கலையாக்கியது. கட்சுரா ஆற்று மீனவர் ஒருவரின் மீன்கூடையைத் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ பூச்சாடியாக வைத்தார் என்பது மரபு. தென்சீனாவில் சரக்கு வைக்கச் செய்த சாதாரண ஜாடிகள், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு வழியாக ஜப்பான் வந்து தேயிலை ஜாடிகளாகி மலைக்க வைக்கும் விலைக்குப் போயின. அப்படியொரு சீன ஜாடிக்குச் சிகுசா என்று பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் போற்றினார்கள். 2009-ல் அதை வாஷிங்டனின் ஃபிரீர் கலைக்கூடம் வாங்கியது. இந்த மரபில் பொதுவாக ஜாடியை அறுப்பதோ துளைப்பதோ இல்லை. சிகுசாவின் வாயைப் பட்டுத் துணியால் மூடிக் கயிற்றால் முடிச்சிட்டார்கள். கழற்றினால் பழைய ஜாடி அப்படியே.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் லாசார் துவோ போன்ற வணிகர்கள் சீனப் பூச்சாடிகளை வாங்கி, பொன்முலாம் பூசிய வெண்கலப் பிடியும் அடித்தட்டும் பொருத்தி, பொம்பாதூர் சீமாட்டி போன்றோருக்கு விற்றார்கள். பொருத்துவதற்காகச் சில ஜாடிகளின் கழுத்து அறுபட்டது. அடுத்த நூற்றாண்டில் சீனப் பூச்சாடிகள் பல எண்ணெய் விளக்கின் தாங்கியாயின. மின்சாரம் வந்ததும் கம்பி போக அடியில் துளை விழுந்தது. விளக்குக்காகத் துளையிடப்பட்டது என்ற குறிப்பு இன்றும் ஏலப் பட்டியல்களில் வருகிறது. அந்த ஒரு வரியில் விலை வெகுவாகச் சரிந்துவிடும்.

தமிழ் வீடுகளின் பயன்மாற்றம் பெரும்பாலும் ஜப்பானிய வழியை ஒத்தது. அகன்ற உருளியில் நீர் நிரப்பிப் பூவிதழ் மிதக்க விடுவது, பித்தளைத் தவலையில் குடைகளை நிறுத்துவது, பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடியில் கரண்டிகளைப் போட்டு வைப்பது எல்லாம் பொருளைத் தொடாமலே வேலையை மாற்றுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கப்படும் ஜாடிகளும் எனாமல் தூக்குகளும் பெரும்பாலும் இப்படியான இரண்டாம் வாழ்வுக்குத்தான் போகின்றன.

தோட்டத்துக்குப் போகும் ஜாடிகளைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் தேவை. தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. மண் இயற்பியல் இதை ஆதரிக்கவில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள சில்லுகளுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மேல்மண் நன்றாக ஊறிய பிறகே இறங்கும். ஆகவே சில்லு அடுக்கு, ஈர மண்டலத்தை வேருக்கு அருகே உயர்த்திவிடுகிறது. துளை வழியே மண் போகாமலிருக்க ஒரே ஒரு ஓட்டுச் சில்லை அதன் மேல் கவிழ்த்தால் போதும். துளையே இல்லாத பூச்சாடியைத் துளைக்க மனம் வரவில்லையென்றால், துளையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு அதை ஜாடிக்குள் இறக்கிவிடலாம். நீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திருப்பி வைக்க வேண்டும்.

மெருகிடாத மண் ஜாடிக்கு இன்னும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. கழுத்தளவு மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், சுற்றிலும் மண் காயக் காய நீர் சுவர் வழியே கசியும். சீனாவின் 2,000 ஆண்டு பழமையான வேளாண் நூலில் குறிக்கப்பட்ட இந்தப் பானைப் பாசனம் மாடித் தோட்டத்துக்கும் பொருந்தும். மெருகிட்ட ஜாடி இதற்கு உதவாது.

தொடாமல் காப்பது

வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1903-ல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். பழம்பொருளுக்குப் பயன்மதிப்பு ஒன்று, காலமதிப்பு ஒன்று. இரண்டும் அடிக்கடி மோதும். களிம்பும் கீறலும் மங்கலும்தான் காலமதிப்பு. பளபளவென்று துலக்கினால் பயன் மீளும், காலம் அழியும்.

இந்தப் பக்கத்தின் வலுவான இந்திய எடுத்துக்காட்டு அகமதாபாத்தின் வேச்சார் பாத்திர அருங்காட்சியகம். பழைய பாத்திரங்கள் உருக்கப்படுவதைக் கண்டு சுரேந்திர பட்டேல் 1981-ல் இதைத் தொடங்கினார்; அங்கே 4,000-க்கு மேற்பட்ட பாத்திரங்கள் உள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் குடங்கள்தான். வரிசையாகப் பார்க்கும்போது கழுத்தின் சாய்வும் அடியின் கனமும் ஊருக்கு ஊர் மாறுவது தெரியும். தனித்தனி வீடுகளில் குடைதாங்கிகளாக நிற்கும்போது இந்த அறிவு கிடைக்காது.

எது காக்கத்தக்கது என்று வீட்டில் இருப்போருக்கு எப்படித் தெரியும் என்பதே இதன் சிக்கல். வாஷிங்டன் அருகே பயன்படுத்திய பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 4 டாலருக்குள் விற்கப்பட்ட ஒரு பூச்சாடி, மாயா நாகரிகத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்து 2024-ல் மெக்சிகோவிடம் ஒப்படைக்கப்பட்டது. வாங்கியவர் அதில் துளை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படலாம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த எந்தக் கலத்தையும் வீட்டு அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது.

காப்பதிலும் தவறு நேரலாம் என்பதற்கு ஃபான்ட்ஹில் ஜாடி சாட்சி. ஏறக்குறைய 1300-ல் சீனாவில் செய்த நீலச் சாயல் படர்ந்த இந்த வெள்ளைப் பூச்சாடி, ஐரோப்பாவுக்கு வந்ததாக ஆவணம் உள்ள மிகப் பழைய சீனப் பீங்கான்களில் ஒன்று. வெள்ளியில் மூக்கும் பிடியும் பொருத்தி இதைக் கூஜாவாக்கியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யாரோ அந்த வெள்ளியைக் கழற்றிவிட்டார்கள். 1713-ல் வரைந்த ஓவியம் ஒன்றில்தான் அதன் நடுக்கால உருவத்தைப் பார்க்க முடிகிறது. டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இன்று இருக்கும் ஜாடியில் மூக்கு இருந்த இடத்தின் துளை மட்டும் மிச்சம். ஒருவேளை முதல் உருவமே உண்மையானது என்று கருதி, 400 ஆண்டுக்கு மேற்பட்ட ஐரோப்பிய வாழ்வின் தடயத்தை நீக்கியது காப்பா, இன்னொரு மாற்றமா?

உடைந்ததை ஒட்டுவது

நான்கு வகைக்குள்ளும் சரியாக அடங்காதது பழுதுபார்ப்பு. அரக்கால் ஒட்டித் தங்கப்பொடி தூவும் ஜப்பானியக் கின்ட்சுகி முறை உலகப் புகழ் பெற்றுவிட்டது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பச்சைச் சீனக் கிண்ணத்தின் கதை அதற்கு முந்தைய மரபைக் காட்டுகிறது. விரிசல் விட்ட கிண்ணத்துக்கு மாற்று கேட்டு ஜப்பானிய ஆட்சியாளரான ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா சீனாவுக்கு அனுப்ப, அதற்கு ஈடாக இன்னொன்று செய்ய இயலாதென்று இரும்புத் தைப்பு போட்டு அதையே திருப்பி அனுப்பினார்களாம். அந்தத் தைப்புகளாலேயே கிண்ணம் பெயர் பெற்றது.

வீட்டில் கின்ட்சுகியைப் பின்பற்றுவோர் பெரும்பாலும் அரக்கு எடுப்பதில்லை. எபாக்சி பசையில் பொன்னிறப் பொடி கலக்கிறார்கள். அலங்காரத்துக்கு அது போதும். நீர் தாங்க வேண்டிய பூச்சாடிக்கும் சோறு வைக்கும் கிண்ணத்துக்கும் அதை நம்ப முடியாது. உடைசலை வெளிப்படையாகக் காட்டுவதே நேர்மை என்போரும், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவதே கைத்திறன் என்போரும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

நீர், உணவு, மின்சாரம்

கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத பகுதி இது. மூன்று இடங்களில் பழைய ஜாடி ஆபத்தாகலாம்.

முதலாவது தேங்கிய நீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நல்ல நீர் நிற்கும் பூச்சாடி, மணிபிளான்ட் புட்டி, உருளி ஆகியவற்றில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பூச்சாடி நீரை மாற்றும்படி சிங்கப்பூர் அரசு மக்களைத் தொடர்ந்து கேட்டுக்கொள்கிறது. கழுத்து குறுகிய ஜாடிக்குள் கை போகாது. ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் வினிகரும் வெந்நீரும் ஊற்றிச் சுழற்றிக் குலுக்கினால், அரிசி உரசி உப்புப் படிவையும் வழுவழுப்பையும் எடுத்துவிடும். இன்னும் எளிய வழி, ஜாடியை ஈர மணலால் நிரப்பிப் பூவைச் செருகுவது.

இரண்டாவது உணவு. பூச்சாடி சாப்பாட்டுக்கென்று செய்யப்பட்டதன்று. அதன் மெருகிலும் வண்ணத்திலும் காரீயமோ காட்மியமோ இருக்கலாம். புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் அவை கரைந்து வரும். வைரம்போல் மின்னும் கனத்த கிரிஸ்டல் கண்ணாடியிலும் இதே அச்சம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி காரீயக் கிரிஸ்டல் என்று விற்க அதில் 24 சதவீதமாவது காரீய ஆக்சைடு இருக்க வேண்டும். அத்தகைய குடுவைகளில் மாதக்கணக்கில் வைத்த ஒயினில் காரீயம் பன்மடங்கு ஏறியதை 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஈயம் பூசாத பித்தளையில் தயிரும் புளிக்குழம்பும் வைக்கக் கூடாது என்பது தமிழ்ச் சமையலறை எப்போதோ அறிந்தது.

பழைய ஊறுகாய் ஜாடிக்கு ஒரு சோதனை உண்டு. மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால், கழுவிக் காயவைத்த சில நாள்களில் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். சுவருக்குள் ஊறிய உப்பு வெளியேறுவதன் அடையாளம் அது. அந்த ஜாடியில் இனி ஊறுகாய் போட வேண்டாம். நல்ல நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கியபின் கரண்டி வைக்கலாம், விளக்குத் தாங்கியாக்கலாம்.

மூன்றாவது மின்சாரம். பூச்சாடி விளக்கு செய்ய அடியில் துளையிட வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஜாடியின் வாயில் அடைப்பானோடு பொருந்தும் ஹோல்டர்கள் கிடைக்கின்றன. கம்பி மேலிருந்தே பக்கவாட்டில் வெளியேறும். உள்ளே காய்ந்த மணல் போட்டால் கனம் கூடிச் சாயாது. சூடு குறைந்த எல்.இ.டி. பல்பே ஏற்றது. துளையிட்டே ஆக வேண்டுமென்றால், மலிவான புதுக்கால ஜாடியாக இருக்கட்டும். அடியில் களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, அதற்குள் நீர் ஊற்றி, வைரமுனைத் துரப்பணத்தை அழுத்தாமல் மெதுவாகச் சுழலவிட வேண்டும். பித்தளை, செம்பு ஜாடிகளை மூன்று முனை பிளக்கில் எர்த் இணைப்பின்றி விளக்காக்கக் கூடாது. இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

மறுபயன் நுகர்வைக் குறைக்கிறதா?

சுற்றுச்சூழல் நோக்கில் பயன்மாற்றத்தைப் போற்றுவோர், ஒரு பழைய ஜாடி விளக்கானால் ஒரு புது விளக்கின் உற்பத்தி தவிர்க்கப்படுகிறது என்கிறார்கள். பழையதை மதிப்புக் கூட்டி மறுபடி பயன்படுத்துவதை 1990-களில் ஜெர்மானியப் பொறியாளர் ரைனர் பில்ட்ஸ் வலியுறுத்திய காலம் முதல் இந்த வாதம் வளர்ந்துவருகிறது.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதே. உருளி வாசலுக்கு அழகு என்ற ரசனை பரவியதும், சமையலையே காணாத அலங்கார உருளிகள் கடைக்கு வந்தன. பழசுபோல் களிம்பேற்றிய புதுப் பித்தளையும் விற்பனையில் இருக்கிறது. மறுபயன் ஒரு பாணியாகும்போது புது உற்பத்தியையும் தூண்டலாம். தவிர, ஒரு ஜாடியை மாற்ற வாங்கும் பசை, ஸ்பிரே பெயின்ட், ஹோல்டர், கம்பி ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். பெயின்ட் அடித்த பித்தளை, நாளை உருக்கும்போது முன்னைவிட அழுக்கான பொருள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஜாடிக்கும், மறுபயன் என்ற பெயரில் புதிதாக வாங்கிவரும் ஜாடிக்கும் ஒரே நியாயம் பொருந்தாது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளும் தத்தம் பொருளுக்குச் சரியாகவே பிறந்தவை. எண்ணெய் ஊறிய மண் ஜாடிக்குக் கழிப்பது, பெயரற்ற உலோகத்துக்கு உருக்குவது, உறுதியான சரக்கு ஜாடிக்கு வேலையை மாற்றுவது, அரிதானதற்குக் காப்பு, உறவு கொண்டதற்குப் பழுதுபார்ப்பு. ஒரு பொருளுக்குப் பொருந்தும் விடையை எல்லாப் பொருளுக்கும் பொதுவிதியாக்கும்போதுதான் ஒவ்வொன்றும் பலவீனமாகிறது.

இவற்றுக்கு நடுவே ஓரளவு நம்பத்தக்க அளவுகோல், செய்யும் மாற்றம் மீளக்கூடியதா என்பது. சிகுசாவின் முடிச்சை அவிழ்க்கலாம். துளைத்த பூச்சாடியை அடைக்க முடியாது. எனினும் இதற்கும் எல்லை உண்டு. லட்சக்கணக்கில் அச்சில் வார்த்த கண்ணாடிக் குவளைக்கு மீளும் தன்மை பற்றி அலட்டிக்கொள்வது வீண். எதிர்காலத்தில் எது அரிதாகும் என்பதும் இன்று நமக்குத் தெரியாது. தெருத்தெருவாகக் கிடந்த ஊறுகாய் ஜாடி பழம்பொருள் கடைக்குப் போகும் என்று ஐம்பது ஆண்டுக்கு முன் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தீராமல் நிற்பவை இரண்டு. வீட்டு மறுபயன் மொத்த நுகர்வை உண்மையில் குறைக்கிறதா என்பது ஒன்று. ஒரு பொருளின் எந்தக் காலத்து உருவத்தை அதன் சொந்த உருவமென்று கொள்வது என்பது மற்றொன்று. சூஜேரின் கழுகும் ஃபான்ட்ஹில் ஜாடியும் இதற்கு எதிரெதிர் விடை சொல்கின்றன.

வீட்டில் முடிவெடுக்க இவை தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜாடியைத் திருப்பி அடியைப் பாருங்கள். பெயரோ முத்திரையோ கைவேலையின் தடமோ இருந்தால் விசாரிக்கும்வரை துளைக்கவும் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் துணிந்து மாற்றுங்கள். நீர் நிற்கும் ஜாடியை வாரம் இருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள். பூச்சாடியாகப் பிறந்த எதிலும் உணவு வைக்காதீர்கள்.